புக்கிட் பாத்தோக் கல் குவாரிகளும் செம்பின் தேவையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

செம்பு இன்று உலகெங்கும் பேசப்படும் உலோகமாகியுள்ளது. மின் ஊர்திகள், காற்றாலைகள், சூரிய ஒளி மின்நிலையங்கள், தரவு மையங்கள் ஆகிய அனைத்திற்கும் செம்புக் கம்பி இன்றியமையாததாகும். 1900ஆம் ஆண்டில் உலகச் சுரங்கங்கள் ஈந்த செம்பு ஏறத்தாழ 5 இலட்சம் டன் மட்டுமே. இன்று அது ஆண்டுக்கு 2 கோடியே 20 இலட்சம் டன் என்னும் அளவை எட்டியுள்ளது. எஸ் அண்டு பி குளோபல் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அப்போது 2 கோடியே 50 இலட்சம் டன்னாக இருந்த உலகத் தேவை 2035ஆம் ஆண்டளவில் இருமடங்காகும் என மதிப்பிட்டது. இத்தேவையைச் சுரங்கங்கள் நிறைவு செய்ய இயலுமா என்பதே பொருளியலாரும் நிலவியலாரும் எழுப்பும் வினாவாகும்.

வரலாற்று மாணவர்க்கு இவ்வினா வேறொரு வடிவில் எழுகின்றது. ஒரு கனிமத்தின் தேவை விரைந்து பெருகிய காலங்களில் அதன் வழங்கலைத் தடுத்து நிறுத்தியது எது? மண்ணில் பொருள் தீர்ந்து போனதா, அன்றி வேறு காரணங்களா? அவ்வழங்கலின் சுமையைத் தாங்கியோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடத் தொலைவிலுள்ள பெருஞ்சுரங்கங்களை மட்டுமே நாட வேண்டுவதில்லை. சிங்கப்பூரின் மேற்கு நடுப்பகுதியில் அமைந்துள்ள புக்கிட் பாத்தோக், அதனையடுத்த புக்கிட் கொம்பாக், புக்கிட் தீமா ஆகிய குன்றுகளின் வரலாறே போதிய சான்றுகளைத் தருகின்றது. சிங்கப்பூரில் செம்புச் சுரங்கத் தொழில் இருந்ததில்லை. எனினும் இக்குன்றுகளிலிருந்து கருங்கல் வெட்டப்பட்டது. இக்குன்றுத் தொடரின் காடுகளில் வளர்ந்த ஒரு மரத்தின் பால் உலகின் செம்புக் கம்பிகளைக் கடலடியில் காத்தது. இவ்விரு வரலாறுகளையும் இன்றைய செம்பின் நிலையோடு ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பாறையும்

புக்கிட் பாத்தோக் என்னும் பெயர்க்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. 'புக்கிட்' என்பது மலாயில் குன்றைக் குறிக்கும். 'பாத்தோக்' என்பது தேங்காய்ச் சிரட்டையைக் குறிக்கும் சொல் என்பர் ஒரு சாரார். கல்லைக் குறிக்கும் 'பத்து' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு என்பர் மற்றொரு சாரார். இருமலைக் குறிக்கும் 'பாத்தூக்' என்னும் சொல்லே மூலமென்று கொள்வாரும் உளர். குன்றின் குளிர்காற்றால் வந்த இருமல் என்றும், குவாரிகளின் வெடியோசையே குன்றின் இருமல் என்றும் அதற்கு விளக்கம் தருவர். இவற்றுள் எது சரியெனத் துணிதல் அரிது. ஆயினும் கல்லும் வெடியோசையும் இவ்வூர் மக்களின் நினைவில் ஆழப் பதிந்திருந்தன என்பதற்கு இவ்விளக்கங்களே சான்றாகும்.

நிலவியல் நோக்கில் இப்பகுதி சிங்கப்பூரின் மிகப் பழைய பாறைகளைக் கொண்டது. புக்கிட் தீமா கருங்கல் என வழங்கும் பாறைத்தொகுதி 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. தீவின் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் புலாவ் உபினிலும் பரந்து கிடப்பது. புக்கிட் பாத்தோக், புக்கிட் கொம்பாக் பகுதிகளில் காணப்படும் கருநிறப் பாறை கொம்பாக் நோரைட் என வழங்கப்படும். இவ்விரு வகைக் கற்களும் கட்டடத்திற்கும் சாலைக்கும் உகந்தவை. வேறு கனிமவளம் ஏதுமற்ற ஒரு சிறு தீவிற்கு இக்கருங்கல்லே பெருஞ்செல்வமாயிற்று.

சாலைகளும் சிறைக்கைதிகளும்

1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைத்த பின்னர், அந்நகரைக் கட்டியெழுப்பக் கல்லும் கைகளும் தேவைப்பட்டன. கைகளின் தேவையை நிறைவு செய்தோருள் முதன்மையானவர் இந்தியச் சிறைக்கைதிகளாவர். 1825 ஏப்ரல் 18ஆம் நாள் பென்கூலனிலிருந்து 80 கைதிகள் சிங்கப்பூர் வந்தடைந்தனர். இவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரத்திற்குப் பின் வங்காளத்தைச் சேர்ந்த 122 கைதிகள் வந்தனர். 1873இல் இம்முறை முற்றாக முடிவுறும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சிங்கப்பூரின் சாலைகள், பாலங்கள், அரசுக் கட்டடங்கள் எனப் பலவும் இக்கைதிகளின் உழைப்பால் எழுந்தன.

புக்கிட் தீமா சாலை அவற்றுள் ஒன்று. 1843இல் புக்கிட் தீமா உச்சிக்குப் பாதை வெட்டப்பட்டது. 1845ஆம் ஆண்டளவில் நகரிலிருந்து வடக்கே கிராஞ்சி வரை சாலை அமைந்தது. அச்சாலை அமைந்த பின்னரே புக்கிட் பாத்தோக் குன்றுகள் நகருடன் இணைந்தன. கல்லை நகருக்குக் கொண்டு வரும் வழியைத் திறந்தவர்கள் கைதிகளே எனலாம். புலாவ் உபின் கல்லுடைப்பிலும் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். அத்தீவின் கருங்கல்லைக் கொண்டே 1850, 1851ஆம் ஆண்டுகளில் ஜே. டி. தாம்சன் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை எழுப்பினார். அதன் கல்வேலையில் சீனக் கல்தச்சரின் பங்கு பெரிது. கைதிகள் எழுப்பிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களில் பூசப்பட்ட சாந்து 'மதராஸ் சுண்ணாம்பு' எனப் பெயர் பெற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அரைக்கும் தமிழகக் கொத்தர் மரபு அதில் தொடர்ந்தது.

இக்கைதிகளின் வரலாற்றை முறைப்படுத்தி எழுதியோருள் சிறைக் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் குறிப்பிடத்தக்கவர். அவரது நூல் 1899இல் வெளிவந்தது. 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் மாநாட்டுக் கருத்தரங்கின் கட்டுரைகளுள் கெர்னியல் சிங் சந்து எழுதிய தமிழ், இந்தியக் கைதிகள் பற்றிய ஆய்வும் இடம்பெற்றுள்ளது. இத்தகைய முன்னோடி ஆய்வுகள் இருப்பினும், கல்லுடைத்தோரின் வரலாறு தனியே எழுதப்படவில்லை. கட்டடத்தின் வரலாறு அதனைத் திட்டமிட்ட பொறியாளரின் பெயரோடு எழுதப்படுகிறது. கல்லின் வரலாறோ பெயரற்றவர்களின் வரலாறாகவே எஞ்சியுள்ளது.

செம்புக் கம்பியும் தாபான் மரமும்

இக்குன்றுகளுக்கும் செம்புக்கும் உள்ள தொடர்பு ஈண்டு நோக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தந்தி பரவியபோது செம்புக் கம்பியின் தேவை பெருகிற்று. நிலத்தில் கம்பியைத் தூண்களின் மீது கட்டலாம். கடலடியில் அதனை நீர் தீண்டாதவாறு உறையிட்டுக் காத்தல் வேண்டும். அதற்கு உகந்த பொருள் தென்கிழக்காசியக் காடுகளில் கிடைத்தது. மலாய் மக்கள் 'கெத்தா தாபான்' என வழங்கிய மரப்பாலே அது. மேலைநாட்டார் அதனைக் கட்டாபெர்ச்சா என்றனர். சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி 1840களின் தொடக்கத்தில் அதன் மாதிரிகளை மேலைநாட்டாரின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். அம்மரத்திற்கு 1847இல் அறிவியற் பெயரிடுவதற்கு உதவிய மாதிரிகளும் சிங்கப்பூரிலிருந்தே சென்றன. புக்கிட் தீமா காடுகளில் அம்மரம் இயல்பாக வளர்ந்திருந்தது.

1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திவடத்திலும், பின்னர் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த வடங்களிலும், நடுவில் செம்பு இருந்தது. அதனைச் சுற்றித் தாபான் பால் இருந்தது. 1870இல் சூயஸ் வழியாகப் பம்பாய்க்குக் கடலடித் தந்தி வந்து சேர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் தந்திக் கம்பெனி சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வடத்தை இட்டது. தமிழகக் கரையையும் மலாயாவையும் நேரடியாக இணைத்த முதல் செம்புக்கோடு அதுவேயாகும். அதற்கு முன் சென்னைச் செய்தி கப்பலில் பல நாள்கள் பயணம் செய்து சிங்கப்பூரை அடைந்தது. 1871 முதல் அது சில மணி நேரத்தில் வந்தது. வணிகர்க்கு இதனால் விளைந்த நன்மை பெரிது.

ஆயின் அந்நன்மையின் மறுபக்கம் காட்டில் இருந்தது. ரப்பரைப் போல் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் முறை தாபானுக்குப் பொருந்தவில்லை. மரத்தையே வெட்டி வீழ்த்திப் பட்டையில் வளையமிட்டுப் பால் எடுத்தனர். பல்லாண்டு வளர்ந்த ஒரு மரம் ஈந்த பால் மிகச் சிறிதளவே. எனவே 1850களிலேயே சிங்கப்பூரில் முதிர்ந்த தாபான் மரங்கள் காண்பதற்கு அரியவாயின. வணிகம் நின்றுவிடவில்லை, ஜொகூர், சுமத்திரா, போர்னியோ எனக் காடு விட்டுக் காடு நகர்ந்தது. சிங்கப்பூர் மரமில்லாத சந்தையாக நிலைத்தது. 1883இல் தாவரவியல் தோட்டக் கண்காணிப்பாளர் கேன்ட்லி காடுகளின் அழிவை ஆராய்ந்து அறிக்கை அளித்த பின்னரே புக்கிட் தீமா போன்ற இடங்கள் காப்புக்காடுகளாயின.

செம்பின் தேவையே ஒரு காட்டை அழிக்கும் என்பதை அன்று எவரும் எண்ணியிரார். செம்புச் சுரங்கம் சிலியில் இருந்தது. உருக்காலை வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் இருந்தது. வடம் இங்கிலாந்தில் முறுக்கப்பட்டது. அழிவு மட்டும் மலாய்த் தீவுக்கூட்டத்துக் காடுகளில் நிகழ்ந்தது. ஓர் உலோகத்தின் தேவை அவ்வுலோகத்தின் சுரங்கத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குவாரிகளின் காலம்

20ஆம் நூற்றாண்டு கருங்கல்லின் நூற்றாண்டாயிற்று. 1903இல் சிங்கப்பூர் - கிராஞ்சி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1919இல் ஜொகூர் கடற்பாலத்தின் பணி தொடங்கியது. 1,056 மீட்டர் நீளமுள்ள அப்பாலத்திற்குக் கடலில் கொட்டப்பட்ட கருங்கல் புலாவ் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் வந்தது. 1923இல் அதன் வழியே தொடர்வண்டி ஓடியது. 1924 ஜூன் 28இல் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. இன்று நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கடக்கும் அப்பாலம் இக்குன்றுகளின் ஒரு பகுதியே ஆகும்.

1942 பிப்ரவரியில் புக்கிட் தீமா வட்டாரம் கடும் போர்க்களமாயிற்று. பிப்ரவரி 15இல் மேல் புக்கிட் தீமா சாலையிலிருந்த போர்டு ஊர்தித் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் சரணடைந்தனர். அவ்வாண்டிலேயே ஜப்பானியர் தம் படைவீரர்க்குப் புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில் நினைவுத்தூண் ஒன்றை எழுப்பினர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளே அதனைக் கட்டினர். தூண் பின்னர் அகற்றப்பட்டது. குன்றேறும் படிக்கட்டு மட்டும் இன்றும் உள்ளது. நூறாண்டுக்கு முன் இந்தியக் கைதிகள் உழைத்த வட்டாரத்தில் மீண்டும் கைதிகளின் உழைப்பே பயன்பட்டது என்பது எண்ணத்தக்கது.

போருக்குப் பின் வந்த வீடமைப்பு கல்லின் தேவையைப் பன்மடங்காக்கிற்று. 1960 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதல் ஐந்தாண்டில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. கான்கிரீட்டின் பெரும்பகுதி சரளைக்கல்லும் மணலுமே. ஆகவே புக்கிட் பாத்தோக், புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங், மண்டாய், புலாவ் உபின் ஆகிய இடங்களின் குவாரிகள் ஓய்வின்றி இயங்கின. பாறையில் துளையிட்டு வெடிமருந்து வைத்துத் தகர்த்தல், பெருங்கற்களை உடைத்தல், அரைவை இயந்திரத்தில் இட்டுச் சலித்துத் தரம் பிரித்தல், லாரியில் ஏற்றுதல் என வேலை பல படிகளாக நிகழ்ந்தது. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் இத்தொழிலில் ஈடுபட்டனர்.

இத்தொழிலின் பெருங்கேடு தூசியாகும். கருங்கல்லில் உள்ள சிலிக்கா நுண்தூசி நுரையீரலில் படிந்து இறுகும். அந்நோய் சிலிக்கோசிஸ் எனப்படும். அதற்கு முழுமையான மருந்து இல்லை. தூசியிலிருந்து விலகிய பின்னரும் நோய் வளரக்கூடும். சிங்கப்பூரில் இந்நோய்க்கு ஆளானோருள் கருங்கல் குவாரித் தொழிலாளர் குறிப்பிடத்தக்க பங்கினர் என்பதைத் தொழில்நல மருத்துவர்களின் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. குன்றின் பெயரை இருமலோடு இணைக்கும் வழக்கு வெறுங்கதையாக இருக்கலாம். தொழிலாளர் இருமியது கதையன்று.

மூடப்பட்ட குவாரிகளும் 2007ஆம் ஆண்டு நெருக்கடியும்

1951இல் புக்கிட் தீமா சட்டப்படி இயற்கைக் காப்பிடமாயிற்று. எனினும் அதன் விளிம்பில் கல்லுடைப்பு பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1980களில் நிலைமை மாறியது. புக்கிட் பாத்தோக் புதுநகர் எழுந்தது. குவாரிகள் ஈந்த கல்லால் உருவான குடியிருப்புகளே குவாரிகளை நெருங்கி வந்தன. வெடியதிர்வும் தூசியும் லாரிப் போக்குவரத்தும் மக்கள் நெருங்கி வாழும் இடத்திற்கு ஒவ்வாதவையாயின. குவாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. புக்கிட் பாத்தோக்கில் கைவிடப்பட்ட குவாரியொன்று நீர் நிறைந்து ஏரியாயிற்று. நிமிர்ந்து நிற்கும் பாறைகள் சீனத்தின் குய்லின் மலைக்காட்சியை ஒத்திருந்தமையால் மக்கள் அதனைச் 'சின்ன குய்லின்' என அழைக்கலாயினர். மற்றொரு குவாரியைச் சூழ்ந்த நிலம் 1988இல் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவாக உருப்பெற்றது. புலாவ் உபினின் கடைசிக் குவாரியும் 1999இல் பணியை நிறுத்தியது.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூற விழைகிறோம். கல் தீர்ந்து போனமையால் இக்குவாரிகள் மூடப்படவில்லை. அடியில் கருங்கல் இன்றும் உள்ளது. 2008இல் மண்டாயில் திறக்கப்பட்ட நிலத்தடிப் படைக்கலக் கிடங்கு அக்கருங்கல்லைக் குடைந்தே அமைக்கப்பட்டது. தாபான் மரம் அழிவால் தீர்ந்தது. கருங்கல்லோ மக்கள் தம் வாழ்விடத்தில் அதனை வெட்ட ஒப்பாத நிலையில் நின்றது. முன்னது இயற்கை விதித்த எல்லை. பின்னது சமுதாயம் விதித்த எல்லை.

ஆயின் தேவை நிற்கவில்லை. கல்லும் மணலும் அண்டை நாடுகளிலிருந்து, சிறப்பாக இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளிலிருந்து, படகுகளில் வந்தன. மலேசியா 1997இலேயே மணல் ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. 2007 ஜனவரியில் இந்தோனேசியாவும் அவ்வாறே அறிவித்தது. சுற்றுச்சூழல் கேட்டையும் கடல் எல்லை குறித்த கவலையையும் அது காரணமாகக் காட்டியது. அடுத்த சில வாரங்களில் கருங்கல் ஏற்றிவந்த படகுகளும் தடுத்து நிறுத்தப்பட்டன. கான்கிரீட்டின் விலை இருமடங்கிற்கும் மேலாக உயர்ந்தது. சிங்கப்பூர் அரசு தன் சேமிப்பிலிருந்த மணலையும் கல்லையும் வெளிவிட்டது. தொலைவிலுள்ள நாடுகளிலிருந்து இறக்குமதிக்கு வழி செய்யப்பட்டது. உள்நாட்டுக் குவாரிகளை மீண்டும் திறப்பது பற்றியும் பேசப்பட்டது. கருங்கல் குன்றுகளின் மீது நிற்கும் ஒரு நகரம் கருங்கல்லுக்காக அண்டை நாட்டை நோக்க நேர்ந்த நிலை இது. இதனை மூன்றாவது வகை எல்லை எனலாம். அது அரசுகள் விதிக்கும் எல்லையாகும்.

அண்டை நாட்டின் செயலை வெறும் அரசியல் அழுத்தமாக மட்டும் காண்பது முழுமையன்று. ரியாவ் தீவுகளிலும் மக்கள் வாழ்கின்றனர். அங்கும் வெடியும் தூசியும் உள்ளன. புக்கிட் பாத்தோக்கில் ஏரியும் பூங்காவும் தோன்றியபோது, நிரம்பாத குழிகள் வேறொரு கரையில் தோன்றின. ஒரு குவாரியை மூடுதல் அதன் தேவையை மூடுதல் ஆகாது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மையாகும்.

செம்பின் வழங்கல்: பண்டும் இன்றும்

மேற்கண்ட மூவகை எல்லைகளும் செம்பின் வரலாற்றில் தெளிவாகக் காணப்படுகின்றன. தமிழகக் கரை நெடுங்காலமாகச் செம்பை வெளியிலிருந்து பெற்று வந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாகசாகியிலிருந்து ஜப்பானியச் செம்பைப் பழவேற்காட்டிற்கும் நாகப்பட்டினத்திற்கும் கொண்டு வந்தது. காசு அடிக்கவும் பாத்திரம் செய்யவும் அது பயன்பட்டது. ஜப்பானியச் சுரங்கங்களின் விளைவு குறையத் தொடங்கவே, தொக்குகாவா அரசு 1715இல் டச்சுக்காரர் ஆண்டுதோறும் கொண்டு செல்லும் செம்பின் அளவிற்கு வரம்பு விதித்தது. இயற்கையின் எல்லையும் அரசின் எல்லையும் ஒருங்கே செயற்பட்ட நிகழ்ச்சி இது. 2014இல் இந்தோனேசியா பதப்படுத்தாத கனிமங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியமை அதே வழியிலான இன்றைய நடவடிக்கை எனக் கொள்ளலாம்.

இயற்கையின் எல்லை இன்று தாதுவின் தரத்தில் வெளிப்படுகின்றது. 19ஆம் நூற்றாண்டுச் சுரங்கங்களின் தாதுவில் செம்பு பல விழுக்காடு இருந்தது. இன்றைய பெருஞ்சுரங்கங்கள் பலவற்றில் அது 1 விழுக்காட்டிற்கும் குறைவு. அதாவது 1 டன் செம்பு பெற 100 டன்னுக்கு மேற்பட்ட பாறையை உடைத்து அரைக்க வேண்டும். நீரும் மின்சாரமும் கழிவும் அவ்வளவிற்குப் பெருகும். புதிய படிவம் ஒன்று கண்டறியப்பட்டு உற்பத்தி தொடங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆவது இயல்பாகியுள்ளது.

சமுதாயத்தின் எல்லையோ இன்னும் வலிமையானது. பூகன்வில் தீவின் பங்குனா சுரங்கம் 1972இல் உற்பத்தியைத் தொடங்கி, தீவு மக்களின் கிளர்ச்சியால் 1989இல் மூடப்பட்டது. பனாமாவில் உலக உற்பத்தியில் 1 விழுக்காட்டிற்கும் மேல் ஈந்து வந்த கோப்ரே பனாமா சுரங்கத்தின் ஒப்பந்தம் அரசமைப்பிற்கு முரணானது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. மக்கள் போராட்டத்தினிடையே சுரங்கம் நின்றது. இவ்விரண்டிலும் தாது தீரவில்லை. சிலியின் எஸ்கொந்திதா சுரங்கத்தில் 2017இல் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தமும், இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் 2025 செப்டம்பரில் சேற்றுப் பெருக்கால் ஏழு தொழிலாளர் உயிரிழந்த நிகழ்ச்சியும் தொழிலாளரை மறந்து வழங்கலைக் கணக்கிட இயலாது என்பதை உணர்த்துகின்றன.

தமிழர் இவ்வெல்லையை மிக அணுக்கமாக அறிந்த இடம் தூத்துக்குடியாகும். அங்கு 1996இல் தொடங்கிய ஸ்டெர்லைட் செம்பு உருக்காலை ஆண்டுக்கு 4 இலட்சம் டன் செம்பு உற்பத்தித் திறன் கொண்டதாக வளர்ந்தது. காற்றும் நிலத்தடி நீரும் மாசுறுகின்றன என மக்கள் நெடுங்காலம் முறையிட்டனர். 2018இல் ஆலை விரிவாக்கத்திற்கு எதிராக எழுந்த போராட்டத்தின் நூறாம் நாளான மே 22இல் ஊர்வலமாகச் சென்றோர் மீது காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்நிகழ்ச்சிகளில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28இல் தமிழக அரசு ஆலையை நிலையாக மூட ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டிலும் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியிலும் அவ்வாணையை மாற்ற மறுத்தன. ஆலை மூடப்பட்ட பின் சுத்திகரித்த செம்பில் ஏற்றுமதி நாடாக இருந்த இந்தியா இறக்குமதி நாடாயிற்று.

இவ்விறக்குமதியைச் சுட்டிக்காட்டி மக்களின் எதிர்ப்பைக் குறை கூறுவோர் உளர். இக்கருத்து நமக்கு உடன்பாடன்று. புக்கிட் பாத்தோக்கில் மக்களின் நலம் கருதிக் குவாரிகள் மூடப்பட்டபோது அதனை வளர்ச்சிக்கு இடையூறு என எவரும் பழிக்கவில்லை. நகரின் முதிர்ச்சி என்றே கொண்டனர். செல்வம் மிக்க நகரத்தார்க்கு உரிய அந்நியாயம் கடற்கரை ஊரின் மீனவர்க்கும் தொழிலாளர்க்கும் உரியதே. அதே வேளையில், மூடப்பட்ட ஆலையின் செம்பு வேறெங்கோ உருக்கப்படுகிறது என்பதையும், அவ்விடத்து மக்களின் காற்றும் நீரும் நம் கணக்கிற்குள் வருவதில்லை என்பதையும் மறைத்தலாகாது. எதிர்ப்போர் கேட்கும் வினா நேரியது. நுகர்வோராகிய நாம் தர வேண்டிய விடையே நிலுவையில் உள்ளது.

அவ்விடையின் ஒரு பகுதி மறுபயன்பாட்டில் உள்ளது. செம்பு எத்தனை முறை உருக்கினும் தன் இயல்பு குன்றாதது. இன்றைய உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பழைய செம்பிலிருந்தே பெறப்படுகின்றது. சிங்கப்பூரில் இடிக்கப்படும் கட்டடங்களின் கழிவு ஏறத்தாழ முழுவதும் மறுபடியும் பயன்படுத்தப்படுகின்றது. ஆயினும் தேவை இருமடங்காகும்போது பழையது மட்டும் போதாது. புதிய சுரங்கங்கள் திறக்கப்படவே செய்யும். ஆகவே எங்கே, எவர் ஒப்புதலோடு, எத்தகைய காப்போடு திறப்பது என்பதே வினாவாகும்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கனிமத்தின் வழங்கல் மண்ணின் இருப்பினால் மட்டும் அமைவதன்று. இயற்கை, சமுதாயம், அரசு ஆகிய மூன்றும் விதிக்கும் எல்லைகளுக்குள்ளேயே அது இயங்குகின்றது. புக்கிட் தீமா காட்டின் தாபான் மரம் முதலாவதற்கும், புக்கிட் பாத்தோக் கருங்கல் இரண்டாவதற்கும், 2007ஆம் ஆண்டு நிகழ்ச்சி மூன்றாவதற்கும் எடுத்துக்காட்டுகளாகும். இரண்டாவதாக, ஓரிடத்தில் தடைப்பட்ட தேவை அழிவதில்லை. எதிர்க்கும் வலிமை குறைந்த மக்களின் நிலத்தை நோக்கி அது நகர்கின்றது. மூன்றாவதாக, தேவையின் பயனைப் பெறுவோரும் அதன் சுமையைத் தாங்குவோரும் பெரும்பாலும் வெவ்வேறானவர்களாகவே இருந்து வந்துள்ளனர்.

வளரும் ஆய்வாளர்க்கு இத்துறையில் செய்ய வேண்டிய பணி ஒன்றும் உள்ளது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கல் குவாரிகளில் உழைத்தவர்கள் முதுமை எய்திவிட்டனர். 1979இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுத் திட்டம் போன்ற முயற்சிகள் நல்வழி காட்டியுள்ளன. தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் நாம் காட்டிய அக்கறையைக் குவாரித் தொழிலாளர் வரலாற்றிலும் காட்டல் வேண்டும். அவர்களின் கூலி, குடியிருப்பு, நோய், விபத்து, வழிபாடு ஆகியவை அவர்தம் சொற்களிலேயே தொகுக்கப்பட வேண்டும். அத்தொகுப்புகள் உருவாகுமாயின், நாளைய செம்புச் சுரங்கங்களைப் பற்றி முடிவெடுப்போர்க்கு விலைப் பட்டியல் மட்டுமன்றி, அவ்விலையை உண்மையில் செலுத்தியவர்களின் கணக்கும் கிடைக்கும்.